நூல் நான்கு இடத்தில் தொட வேண்டும்

எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் ஒரு மரக் கடைசல் இயந்திரம் இருக்கிறது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், பழைய சாமான் விற்கிற ஓர் இடத்தில் பேரம் பேசி வாங்கியது. அரைக் குதிரைசக்தி மோட்டார், வார்ப்பிரும்பு உடம்பு, நாலு படி புல்லி. பேரப்பிள்ளைகளுக்குப் பம்பரம், சொப்பு, வீட்டுக்குப் பூரிக்கட்டை, மத்து என்று எதையாவது கடைந்துகொண்டிருப்பேன். பூவரசங்கட்டை சுழல, உளிமுனையில் மரம் சுருள் சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மதியத் தூக்கம் வேண்டியிருக்காது.

போன ஐப்பசியில் ஒருநாள் அது கத்தத் தொடங்கியது.

கட்டையில் உளியைக் கொஞ்சம் ஆழமாக வைத்தால் போதும், வால் மிதிபட்ட நாய் மாதிரி ஒரு கீச்சல். உளியை எடுத்தால் அடங்கிவிடும். மறுபடி வைத்தால் மறுபடி கீச்சல். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "அங்க என்னத்தப் போட்டுக் கொல்லுதீய?" என்று கேட்டாள். சில நாளில் கீச்சலோடு வழுக்கலும் சேர்ந்துகொண்டது. மோட்டார் பாட்டுக்கு ஓடும். கட்டை அப்படியே நின்றுபோகும். மூடியைத் திறந்தால் ரப்பர் கருகிய வாடை. புல்லியைச் சுற்றிலும் கண்மை கொட்டினாற்போலக் கறுப்புப் பொடி.

பெல்ட்டுதான் கோளாறு என்று முடிவு கட்ட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கத்தியது அதுதானே.

*

தமிழில் 'கடை' என்றொரு வினை இருக்கிறது. தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். வெண்ணெய்க்கும் பம்பரத்துக்கும் ஒரே வினைச்சொல் எப்படி வந்தது என்று ரொம்ப நாள் யோசித்ததில்லை. பழைய கடைசல் பட்டறை எப்படி இயங்கியது என்று தெரிந்த பிறகுதான் விளங்கியது. மின்சாரம் வருவதற்கு முன் கட்டையின்மேல் ஒரு கயிற்றைச் சுற்றி, ஒருவர் அதன் இரண்டு முனைகளையும் மாறி மாறி இழுப்பார். கட்டை முன்னும் பின்னும் சுழலும். இன்னொருவர் உளி பிடிப்பார். கட்டை தன் பக்கமாகச் சுழலும்போது மட்டும் உளியை வைத்து, திரும்பிச் சுழலும்போது விலக்கிக்கொள்ள வேண்டும். தூணில் மத்தைப் பூட்டி, கயிறு சுற்றித் தயிர் கடைந்த நம் பாட்டிமார் செய்ததும் இதே வேலைதான். மத்தும் கடைசல் கட்டையும் ஒரே இயந்திரம். அடியில் தயிர்ப்பானை இருந்தால் வெண்ணெய் வரும்; பக்கத்தில் உளி இருந்தால் சொப்பு வரும்.

எங்கள் பக்கத்து அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் பேர்போனது. கர்நாடகத்தில் சென்னப்பட்டணம், ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாகா. மூன்று ஊரிலும் பொதுவான ஒரு வித்தை உண்டு. பொம்மைக்கு நிறம் கொடுக்கத் தூரிகை கிடையாது. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையின்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வில் பிறக்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிந்து மினுமினுக்கும். அடுப்பில்லாமல் உருகும் அரக்கு. பூசாமல் ஏறும் நிறம்.

கயிறு கட்டையைச் சுற்றுவதும் உராய்வால்தான், அரக்கு உருகுவதும் உராய்வால்தான். என் பெல்ட் கருகியதும் அதனால்தான். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தால் அந்த உராய்வு வேலையாக மாறும். பிடிக்காமல் வழுக்கினால் சூடாக மாறும். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், இந்தக் கீச்சலை எப்படி நிறுத்துவது என்பதுதான்.

*

முதல் வைத்தியம் சோப்பு. துவைக்கிற சோப்புக் கட்டியை எடுத்து ஓடும் பெல்ட்டின் பக்கவாட்டில் லேசாகத் தேய்த்தால் சத்தம் நிற்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நின்றது. ஒன்றரை நாள் நின்றது. அப்புறம் கீச்சல் திரும்பி வந்தது. வழுக்கல் முன்னைவிட அதிகமாகவே வந்தது. ஏற்கெனவே பிடிப்பில்லாத பெல்ட்டுக்கு நான் வழவழப்பை ஊட்டியிருக்கிறேன். எண்பது வயதுக் கிழவருக்கு எண்ணெய் தடவிய தரையில் நடை பழக்கியது மாதிரி.

இரண்டாவது வைத்தியம் இறுக்கம். மோட்டார் ஒரு தட்டின்மேல் நாலு போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டுகளைத் தளர்த்தி மோட்டாரைக் கீழே தள்ளினால் பெல்ட் இறுகும். நாலு போல்ட்டில் முன்பக்கம் இரண்டு கைக்கு எட்டும். பின்பக்கம் இருக்கிற இரண்டையும் தொட வேண்டுமானால் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். எனக்கு அறுபத்தேழு வயது. முன்பக்கத்து இரண்டை மட்டும் தளர்த்தி, கடப்பாரையை நுழைத்து நெம்பி, மோட்டார் நகர்ந்தவரைக்கும் நகர்த்தி முடுக்கினேன்.

சத்தம் நின்றது. பத்து நாள் நின்றது. மறுபடி கீச்சல். மறுபடி நெம்பினேன். இந்த முறை மூன்று வாரம். மூன்றாம் முறை நெம்பியபோது பெல்ட் வீணைத் தந்தி மாதிரி ஆகிவிட்டது. விரலால் தட்டினால் 'டிங்' என்றது. அதற்குப் பிறகு ஒரு கீச்சலும் இல்லை. உளியை எவ்வளவு ஆழம் வைத்தாலும் கட்டை நிற்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, "பாத்தியா, எப்பிடி வாயடைச்சிட்டேன்" என்று காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று பொருள். கல்யாணமாகி நாற்பது வருஷமாகியும் அது எனக்கு உடனே பிடிபடுவதில்லை.

*

தை பிறந்தபோது கட்டையில் சின்னச் சின்ன வரிகள் விழத் தொடங்கின. எவ்வளவு கூரான உளியால் கடைந்தாலும் மேல்பரப்பில் அலை அலையாக ஒரு நெளிவு. உளி தீட்டுவதில்தான் குறை என்று நினைத்துச் சாணைக்கல்லோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அப்புறம் ஒருநாள் தலைப்பெட்டிமேல் தற்செயலாகக் கை வைத்தேன். புல்லியும் கட்டையைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் தண்டும் உட்கார்ந்திருக்கிற அந்த இரும்புப் பெட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரம் மாதிரி சுட்டது.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ஒரு காலத்தில் அரிசி ஆலைகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய பேரன் என்னிடம் படித்தவன் என்பதால் என்னை 'சார்' என்பார்.

வந்தவர் பெல்ட்டைப் பார்க்கவே இல்லை. மெஷினை ஓடவிட்டு, ஒரு நீளமான ஸ்குரு டிரைவரின் முனையைத் தலைப்பெட்டியில் பேரிங் இருக்கிற இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது மாதிரி. பிறகு மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றித் தொங்கவிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுழற்றினார். என் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தார். உள்ளே மணலைப் போட்டு அரைத்தாற்போல ஒரு நறநறப்பு விரல் வழியே ஏறியது.

"பேரிங்கு போச்சு சார்."

"பேரிங் சத்தமே போடலையே அண்ணாச்சி?"

"பெல்ட்டு கத்தும் சார். பேரிங்கு கத்தாது. அது கத்துச்சுன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு பெல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மறுபக்கம் புதுசு மாதிரி இருந்தது. "ஒரு கன்னத்துலயே அறை வாங்கியிருக்கு" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். நூலின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து, மேலே இருக்கிற புல்லியின் விளிம்போடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இன்னொரு நுனியைத் தான் இழுத்துக் கீழ்ப் புல்லியின் விளிம்போடு வைத்தார்.

"நூல் நாலு எடத்துல தொடணும் சார். மேல் புல்லியில ரெண்டு, கீழ்ப் புல்லியில ரெண்டு. எத்தனை எடத்துல தொடுது, சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். இரண்டு இடத்தில்தான் தொட்டது.

*

கதை இப்படித்தான் நடந்திருக்கிறது. மோட்டார்த் தண்டில் புல்லியைப் பிடித்துவைத்திருக்கிற சின்ன செட் ஸ்குரு அதிர்வில் தளர்ந்திருக்கிறது. புல்லி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, அரை விரல்கடை வந்துவிட்டது. மேலும் கீழும் இருக்கிற இரண்டு புல்லிகளும் நேர்க்கோட்டில் இல்லை. அந்தக் கோணலில் ஓட முடியாமல்தான் ஐப்பசியில் பெல்ட் முதல்முதலாகக் கத்தியது. நான் மோட்டாரின் முன்பக்கத்தை மட்டும் நெம்பி இறக்கியதால் மோட்டாரே ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கோணல் இரண்டானது. கோணல் அதிகமானதால் பெல்ட் மறுபடி கத்தியது. அது கத்தியதால் நான் மறுபடி இறுக்கினேன். நான் இறுக்கியதால் கோணல் இன்னும் அதிகமானது. மூன்றாம் தடவை இறுக்கிய இறுக்கில் பெல்ட்டுக்குக் கத்தக்கூட வழியில்லாமல் போயிற்று. அது தாங்க மறுத்த அத்தனை பாரமும் பேரிங்குக்குப் போயிற்று. பேரிங் மூன்று மாதம் வாய்திறக்காமல் தாங்கி, தாங்கி, தேய்ந்து முடிந்தது.

ஒரு செட் ஸ்குருவை அரைச் சுற்று முடுக்கியிருந்தால் ஐப்பசியிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

பெல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்திருந்தாலாவது இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன். கட்டுத்தறியில் மாட்டுக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால், திமிறுகிற காளையையும் ஒரு பையன் நிறுத்திவிடுவான். கயிறு தறியை எவ்வளவு தழுவுகிறதோ அவ்வளவு பிடிப்பு. அதுவும் கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். பழைய அரிசி ஆலைகளில் ஒரே எஞ்சினிலிருந்து கூரையடித் தண்டுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓடிய அகலமான தட்டைப் பெல்ட்டுகள் இந்தத் தழுவலை நம்பியே ஓடின. அவை நீளமாக, அகலமாக இருக்க வேண்டியிருந்தது. அடிக்கடி கழன்றும் ஓடின.

1917-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரும் துணியும் சேர்த்து ஆப்பு வடிவத்தில் ஒரு பெல்ட்டைச் செய்தார். மேலே அகலம், கீழே குறுகல். புல்லியிலும் அதே வடிவத்தில் ஒரு பள்ளம். என் மெஷினில் ஓடுவது அந்த வகைதான். கடையில் 'ஏ 41' என்று கேட்டால் கொடுப்பார்கள். மேல் அகலம் 13 மில்லிமீட்டர், உள்சுற்றளவு 41 அங்குலம். இந்த வகைப் பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. அதன் இரண்டு கன்னங்களும் பள்ளத்தின் இரண்டு சுவர்களில் ஆப்பு இறங்கினாற்போல இறங்கிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் தட்டைப் பெல்ட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்பு கிடைக்கும். பலம் இறுக்கத்தில் இல்லை, ஆப்பில் இருக்கிறது. ஆப்பு நேராக இறங்கினால்தான் இரண்டு கன்னமும் பிடிக்கும். கோணலாக இறங்கினால் ஒரு கன்னம் தேயும், ஒரு கன்னம் சும்மா இருக்கும். பாதிப் பிடிப்பில் முழு வேலையைச் செய்யச் சொன்னால் எதுவும் கத்தத்தான் செய்யும்.

இறுக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட் ஓடுகிற தூரத்தில், ஒவ்வோர் அங்குலத்துக்கும் 1/64 அங்குலம் வீதம் அது விரலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். என் மெஷினில் அந்தத் தூரம் 16 அங்குலம். ஆக, நடுவில் அளவாக அழுத்தினால் கால் அங்குலம் உள்ளே போக வேண்டும். நான் கட்டிவைத்திருந்த பெல்ட் ஒரு மயிரிழையும் போகவில்லை.

"இம்புட்டு இறுக்கி வச்சிக்கிட்டு எப்பிடி சார் கடைஞ்சீய?" என்றார் அண்ணாச்சி. "உளி எசகுபிசகா கட்டையில கொத்திச்சுன்னா பெல்ட்டு வழுக்கணும். அது வழுக்கலன்னா உங்க மணிக்கட்டுதான் சுத்தும்."

ஐப்பசியிலிருந்து நான் எந்த வழுக்கலை எதிரியாக நினைத்துச் சண்டை போட்டேனோ, அதில் ஒரு பங்கு என் கையைக் காக்கிற காவல்.

*

அன்று இரவு பாற்கடல் ஞாபகத்துக்கு வந்தது. சும்மா வரவில்லை, 'கடை' என்கிற அந்தச் சொல்தான் கூட்டிக்கொண்டு வந்தது. உலகத்திலேயே பெரிய கடைசல் அதுதானே. மந்தர மலை மத்து. வாசுகி கயிறு. ஒரு பக்கம் தேவர், மறுபக்கம் அசுரர். எனக்குத் தெரிந்த இயந்திர மொழியில் சொன்னால் மலைதான் ஸ்பிண்டில், பாம்புதான் பெல்ட்.

அந்தக் கதையில் முதலில் கத்தியதும் பெல்ட்டுதான். இரண்டு பக்கமும் இழுத்த இழுப்பில் வலி பொறுக்காமல் வாசுகி நஞ்சைக் கக்கியது என்றுதான் நம் பக்கத்தில் கதை சொல்வார்கள். நஞ்சு வந்தவுடன் எல்லோரும் சிவனிடம் ஓடினார்கள். அவர் அதை எடுத்து விழுங்கினார். கதை அங்கிருந்து நீலகண்டனுக்குப் போய்விடுகிறது. இழுப்பைக் கொஞ்சம் தளர்த்துவோமா என்று வாசுகியிடம் யாராவது கேட்டார்களா? எனக்குக் கதை சொன்ன எவரும் அதைச் சொன்னதில்லை.

அதே கதையில் ஓர் ஆமையும் இருக்கிறது. மலை கடலுக்குள் அமிழ்ந்தபோது திருமால் ஆமையாக வந்து முதுகில் தாங்கினார். சுழல்கிற மலையின் முழுப் பாரமும் அந்த முதுகில். நஞ்சும் இல்லை, கத்தலும் இல்லை. பேரிங் செய்கிற வேலை. மலை சுழன்றது ஆமைக்கு முதுகைச் சொறிந்துவிட்டாற்போலச் சுகமாக இருந்ததாகப் பாகவதம் சொல்லும். கடவுள் தாங்குவார். என் மெஷினில் இருந்தது 6205 நம்பர் பேரிங். 25 மில்லிமீட்டர் துளை, 52 மில்லிமீட்டர் வெளிவட்டம். அது அவதாரம் இல்லை.

இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வருகிறேன். கயிறும் தாங்கியும் ஒரே பாரத்தின் இரண்டு முனைகள் என்று மட்டும் தோன்றியதே இல்லை. கயிற்றை இழுக்க இழுக்க ஆமையின் முதுகில்தான் அழுந்துகிறது.

*

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறொரு கீச்சல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு பையன். நான் ஒரு கணக்கைப் போட்டு முடித்துச் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் எழுந்து நிற்பான். "புரியல சார்." மறுபடி சொல்வேன். "இன்னும் புரியல சார்." இயற்கணிதம் தொடங்கிய பிறகு இது ஒவ்வொரு பாடவேளையும் நடந்தது. எக்ஸ் எங்கேயிருந்து வந்தது, அதை ஏன் அந்தப் பக்கம் கொண்டுபோனால் கழித்தலாகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பாடம் நகராது. போர்ஷன் முடியாது. வகுப்பில் மற்ற நாற்பது பேரும் வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருக்கும்போது இவனுக்கு மட்டும் என்ன கேடு என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் கடைசிப் பெஞ்சுக்கு அனுப்பினேன். இனி பாடம் நடக்கும்போது எழுந்து நின்றால் வெளியேதான் நிற்க வேண்டும் என்றேன். ஒன்றிரண்டு தடவை நிற்கவும் வைத்தேன்.

அடங்கிவிட்டான். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அந்த வழியாகப் போன தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "கிளாஸ்னா அவரு கிளாஸ் மாதிரி இருக்கணும்" என்றார். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தால் காது சுடுகிறது.

அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் வந்தன. இயற்கணிதக் கேள்விகளில் வகுப்பில் பாதிக்குமேல் பூஜ்யம். அந்தப் பையன் மட்டுமல்ல. ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள், அடித்துத் திருத்தாத கையெழுத்துக்காரர்கள், சந்தேகமே கேட்காத நல்ல பிள்ளைகள். தாளைத் திருத்தத் திருத்த எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ஏறவில்லையே என்று எல்லோரையும் ஒரு வாரம் பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் உட்காரவைத்தேன். அதாவது, மறுபடி இறுக்கினேன்.

பாதி வகுப்புக்குமேல் புரியவில்லை. ஒருவன்தான் சொன்னான். பாடத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நான் கோணலாக நின்றுகொண்டிருந்தேன் என்பதை அந்த வகுப்பில் எனக்குத் தெரிவித்த ஒரே ஆள் அவன். எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோலை நான் வெளியே நிற்கவைத்தேன். மற்ற நாற்பது பேர் கத்தவில்லை. அவர்கள் தாங்கினார்கள். தாங்கியது தேய்ந்ததாகத் தாளில்தான் தெரிந்தது.

முப்பது வருஷம் கழித்து, ஒரு ரப்பர் வளையம் அதை எனக்குச் சொல்லவேண்டியிருந்தது.

*

வீடு, அலுவலகம், ஊர், எங்கே பார்த்தாலும் இந்தக் கணக்கு ஒன்றாகவே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு குடும்பத்தில் எப்போதும் முணுமுணுக்கிற மருமகள் ஒருத்தி இருப்பாள்; எதையும் சொல்லாத மூத்தவள் ஒருத்தி இருப்பாள். முணுமுணுப்பவளின் வாயை அடைத்துவிட்டால் வீடு நிம்மதியாகிவிட்டது என்று பெரியவர்கள் நினைப்பார்கள். வீட்டில் ஓடுகிற கோணல் அப்படியே இருக்கும்; மூத்தவளின் இடுப்பில் அது இறங்கும். பத்து வருஷம் கழித்து அவள் படுக்கையில் விழும்போது, "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தா" என்பார்கள். தெருவில் தண்ணீர் வரவில்லை என்று மனுப்போடுகிற ஒருவரைத் தொந்தரவுக்காரர் என்று ஒதுக்கிவிட்டு, மனுப்போடாத தெருக்களெல்லாம் செழிப்பாக இருப்பதாக எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொள்கிறோம்.

கத்துகிற எல்லோரும் நியாயஸ்தர்கள் என்று நான் சொல்லவரவில்லை. பெல்ட்டே வெடித்துப்போய்க் கத்துவதும் உண்டு; அப்போது பெல்ட்டைத்தான் மாற்ற வேண்டும். ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த மெஷினில், வளைந்த இடத்திலேயே வளைந்து பழகிப்போன பெல்ட், ஓட்டத் தொடங்கியதும் தடதடக்கும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால் தானாக அடங்கிவிடும். அதைப் பெரிதுபடுத்தவேண்டியதில்லை. ஆனால் எந்தக் கத்தலானாலும், அதை நிறுத்துமுன் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். 'நூல் பிடித்தாற்போல' என்று தமிழில் காலங்காலமாகச் சொல்கிறோம்; கொத்தனாரும் தச்சரும் பிடித்துக் காட்டிய நூல் அது. நானும் அந்தத் தொடரை எத்தனையோ கட்டுரைத் தாள்களில் பாராட்டாக எழுதியிருக்கிறேன். நூலைக் கையில் பிடித்தது மட்டும் இல்லை.

சத்தத்தை நிறுத்துவது சுலபம். சோப்பு போதும், கடப்பாரை போதும், கடைசிப் பெஞ்சு போதும். சத்தம் போடவேண்டிய அவசியத்தை நீக்குவதற்குத்தான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சில சமயம் மல்லாக்கப் படுக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் அன்றைய தினம் கிடைக்கிற அமைதி ஒன்றுதான். பில் வருவது மூன்று மாதம் கழித்து. அதுவும் கத்தியவன் பேரில் வராது. கத்தாமல் தாங்கியவன் பேரில்தான் வரும்.

*

மறுநாள் அண்ணாச்சி வந்து வேலையை முடித்தார். இந்தப் பெல்ட் முனையில்லாத வளையம். தலைப்பெட்டிக்குள் ஸ்பிண்டில் அதன் நடுவே ஊடுருவிப் போகிறது. அதை மாற்ற வேண்டுமானால் ஸ்பிண்டிலையே உருவி வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் நானும் இறுக்கிக்கொண்டே இருந்தேன். உருவிய கையோடு இரண்டு பேரிங்கையும் மாற்றினார். புதுப் பெல்ட் ஒன்றை மாட்டினார். திருப்பி ஸ்பிண்டிலைச் செருகுவதற்குமுன் இன்னொரு பெல்ட்டையும் உள்ளே நுழைத்து, ஓடுகிற எதிலும் படாதபடி ஓரமாகக் கட்டிவைத்தார். "அடுத்த தடவ உருவ வேண்டாம் சார், இத எடுத்து மாட்டிக்கிடலாம்" என்றார். பின்பக்கத்துப் போல்ட் இரண்டுக்காகத் தரையில் சாக்கை விரித்துப் படுத்தார். என்னையும் படுக்கச் சொல்லிக் காட்டினார். போல்ட்டுகள் அப்படியொன்றும் எட்டாத இடத்தில் இல்லை.

மோட்டாரை நேராக்கியபோது நூல் மூன்று இடத்தில் தொட்டது. புல்லியை உள்ளே தட்டி, செட் ஸ்குருவை முடுக்கியபோது நான்காவது இடத்திலும் தொட்டது. மெஷினை ஓடவிட்டோம். பக்கத்து அறையில் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பது மாதிரி ஒரு சத்தம். அது அதன் இயல்பான சத்தம். அடங்கிப்போன சத்தம் இல்லை.

கூலி வாங்க மறுத்தார். பேரனுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்ததற்குப் பதிலாம். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று வற்புறுத்திக் கொடுத்தேன்.

போகும்போது நூல்கண்டை விட்டுவிட்டுப் போனார். கொட்டகையில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறேன். மாதம் பிறந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன்; கால் அங்குலம் போகிறது. பிறகு மனைவியை ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி நானும் அவளுமாக நூல் பிடிப்போம். இன்று காலையும் பிடித்துப் பார்த்தோம். நான்கு இடத்திலும் தொட்டது.